ஆஸ்திரேலிய உட்பகுதியில் வாகனப் பழுது

ஆஸ்திரேலிய உட்பகுதியில் வாகனப் பழுது என்பது, ஆஸ்திரேலியக் கண்டத்தின் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த உள்நிலப் பகுதிகளில் செல்லும் தானுந்துகளும் பிற ஊர்திகளும் இயந்திரக் கோளாறாலோ, மணலிலோ சேற்றிலோ புதைவதாலோ, எரிபொருள் தீர்வதாலோ இடைவழியில் நின்றுவிடுவதைக் குறிக்கும். நகரத்தில் சில மணி நேரத் தாமதத்தோடு முடிந்துவிடக்கூடிய இந்நிகழ்வு, உட்பகுதியில் உயிராபத்தாக மாறக்கூடும். இப்பகுதியில் உயிரிழப்புகள் பெரும்பாலும் பழுதினால் நேரடியாக ஏற்படுவதில்லை. பழுதுக்குப் பின் எடுக்கப்படும் முடிவுகளாலும், நீர்ப் பற்றாக்குறையாலும், கடும் வெப்பத்தாலுமே அவை நிகழ்கின்றன. ஆகவே "வாகனத்தை விட்டு நீங்காதிருத்தல்" என்பது இப்பகுதிக்கான பாதுகாப்பு அறிவுரைகளில் முதன்மையானதாக உள்ளது.

நிலவியல் பின்னணி

ஆஸ்திரேலியாவின் பரப்பளவு ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். மக்களில் மிகப் பெரும்பான்மையினர் கடற்கரையை ஒட்டிய நகரங்களில் வாழ்கின்றனர். கண்டத்தின் உட்பகுதி பெரும்பாலும் பாலைநிலமாகவும் அரைப்பாலை நிலமாகவும் உள்ளது. சிம்ப்சன் பாலைவனம், பெரும் மணற் பாலைவனம், கிப்சன் பாலைவனம், பெரும் விக்டோரியா பாலைவனம் ஆகியவை இங்கு அமைந்துள்ளன. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் உள்ள ஊட்னடட்டா என்னும் சிற்றூரில் 1960 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள் 50.7 °செ வெப்பநிலை பதிவானது. இதே அளவு 2022 சனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆன்ஸ்லோவிலும் பதிவானது. ஆஸ்திரேலியாவில் பதிவான வெப்பநிலைகளில் இதுவே மிக உயர்ந்தது.

உட்பகுதியைக் கடக்கும் பாதைகளில் சில தார்ச் சாலைகளாகும். அடிலெய்டு பக்கமிருந்து டார்வின் வரை கண்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987 ஆம் ஆண்டளவில் முழுவதும் தார்ச் சாலையாக்கப்பட்டது. ஏனைய பல பாதைகள் மண் தடங்களாகவே உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றவை வருமாறு:

- பேர்ட்ஸ்வில் தடம்: தெற்கு ஆஸ்திரேலியாவின் மேரியிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 517 கிமீ நீளமுடையது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டு மந்தைகளைத் தொடர்வண்டி நிலையத்துக்கு ஓட்டிச்செல்லும் வழியாக உருவானது. இடைவழியில் மங்கரானி என்னும் ஒரே இடத்தில் மட்டுமே பயணிகளுக்கான விடுதியும் எரிபொருள் நிலையமும் உள்ளன.
- கானிங் மந்தை வழி: மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் இடையே ஏறத்தாழ 1,850 கிமீ நீளமுடையது. நூற்றுக்கணக்கான மணல் மேடுகளைக் கடந்து செல்வது.
- கிப் ரிவர் சாலை: கிம்பர்லி பகுதியில் ஏறத்தாழ 660 கிமீ நீளமுடையது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகுவதால் மூடப்படுவது.
- சிம்ப்சன் பாலைவனத் தடங்கள்: ஏறத்தாழ 1,100 இணையான மணல் மேடுகளைக் குறுக்காகக் கடப்பவை. பேர்ட்ஸ்வில் அருகிலுள்ள 'பிக் ரெட்' என்னும் மேடு ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுடையது.

வரலாறு

முதல் குறுக்குப் பயணம் (1907–1908)

கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகத் தானுந்தில் கடப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி ஒரு வாகனப் பழுதினாலேயே தடைப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹென்றி டட்டன் என்னும் நிலக்கிழாரும் மரே ஆங்கர் என்னும் பொறிவினைஞரும் 1907 நவம்பர் 25 அன்று டால்பட் வகைத் தானுந்து ஒன்றில் அடிலெய்டிலிருந்து புறப்பட்டனர். அக்காலத்தில் தொடர்வண்டிப் பாதை வடக்கே ஊட்னடட்டா வரை மட்டுமே இருந்தது. அதற்கு அப்பால் சாலை ஏதும் இல்லை. 1872 இல் அமைக்கப்பட்ட தரைவழித் தந்திக் கம்பியும், அதன் நெடுகே பல நூறு கிலோமீட்டர் இடைவெளிகளில் அமைந்த தந்தி நிலையங்களுமே வழிகாட்டிகளாக இருந்தன. சரக்குகள் ஒட்டகங்களின் மீதே கொண்டுசெல்லப்பட்டன.

இருவரும் கண்டத்தின் நடுப்பகுதியைத் தாண்டி டெனன்ட் கிரீக் தந்தி நிலையத்துக்குத் தெற்கே இருந்தபோது, வண்டியின் பின்னச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் பினியன் எனப்படும் சிறு பற்சக்கரம் சிதைந்தது. மாற்று உறுப்பு கையில் இல்லை. மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. எனவே வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் குதிரைகளில் ஊட்னடட்டாவுக்குத் திரும்பினர்.

1908 சூன் 30 அன்று ஆற்றல் மிகுந்த மற்றொரு டால்பட் வண்டியில் இருவரும் மீண்டும் புறப்பட்டனர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எர்ன் ஆல்சர்ச் என்பவர் அவர்களோடு இணைந்தார். பாலையில் விடப்பட்டிருந்த பழைய வண்டியை அடைந்து அதனைப் பழுதுநீக்கி, இரு வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே ஓட்டிச் சென்றனர். பழைய வண்டி பைன் கிரீக்கிலிருந்து தொடர்வண்டியில் அனுப்பப்பட்டது. புதிய வண்டி 1908 ஆகத்து 20 அன்று டார்வினை அடைந்தது. பயணம் 51 நாட்கள் நீடித்தது. அவ்வண்டி தெற்கு ஆஸ்திரேலியாவின் பேர்ட்வுட் என்னும் ஊரிலுள்ள தேசிய தானுந்து அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பிற்காலப் பயணிகள் கடைப்பிடித்த இரு வழக்கங்கள் இப்பயணத்திலேயே காணப்படுகின்றன. அறியப்பட்ட வழியை (இங்கு தந்திக் கம்பியை) ஒட்டியே செல்லுதல் ஒன்று. பருவநிலை மாறும் முன் வண்டியைக் கைவிட்டு உயிரைக் காத்துக்கொள்ளுதல் மற்றொன்று. குதிரையும் அருகில் ஒரு தந்தி நிலையமும் இருந்தமையாலேயே இரண்டாவது இயன்றது என்பது குறிப்பிடத்தக்கது.

அஞ்சல் சுமையுந்து

பேர்ட்ஸ்வில் தடத்தில் அஞ்சலும் உணவுப்பொருட்களும் கொண்டுசென்ற டாம் குரூஸ் (1914–2011) என்பவர் பழுதுகளை எதிர்கொள்ளும் திறமைக்குப் பெயர்பெற்றவர். 1936 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மேரிக்கும் பேர்ட்ஸ்வில்லுக்கும் இடையே சுமையுந்து ஓட்டினார். மணல் மேடுகளைக் கடக்கும்போது சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளை இட்டு, வண்டி சில மீட்டர் நகர்ந்ததும் அத்தகடுகளை எடுத்து மீண்டும் முன்னால் இடுவது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. கூப்பர் ஓடையில் வெள்ளம் வந்தால் சரக்குகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டியிருந்தது.

ஜான் ஹேயர் இயக்கிய 'தி பேக் ஆப் பியாண்ட்' (1954) என்னும் ஆவணப்படம் குரூஸின் ஒரு பயணத்தைக் காட்டுகிறது. அப்படம் 1954 ஆம் ஆண்டு வெனிசுத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. குரூஸுக்கு 1955 இல் பிரித்தானியப் பேரரசின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. அவர் ஓட்டிய லேலண்ட் பேட்ஜர் சுமையுந்து 1957 இல் பழுதடைந்து பாலையில் கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அது மீட்கப்பட்டு, 1990களில் புதுப்பிக்கப்பட்டு, பேர்ட்வுட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

1963 பேர்ட்ஸ்வில் தட நிகழ்வு

1963 திசம்பரில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஐவர் கொண்ட ஒரு குடும்பம் மேரியிலிருந்து பேர்ட்ஸ்வில் தடத்தின் வழியாகத் தானுந்தில் வடக்கு நோக்கிச் சென்றது. கோடையின் உச்சமாகிய அக்காலத்தில் அவர்கள் தடத்தைத் தவறவிட்டனர். எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றது. கையிலிருந்த நீரும் போதுமானதாக இல்லை. அவர்கள் வண்டியை விட்டு நீங்கி நடந்தனர். ஐவரும் நீரின்றி இறந்தனர். இறந்த இடத்திற்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அங்கு ஓர் எளிய உலோகச் சிலுவை நாட்டப்பட்டுள்ளது.

இந்நிகழ்வில் இயந்திரக் கோளாறு முதற்காரணம் அன்று. வழி தவறியமை, எரிபொருள் இருப்பு குறைவாக இருந்தமை, போதிய நீர் இல்லாமை, கோடைக்காலப் பயணம், வாகனத்தை விட்டு நீங்கியமை ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. உட்பகுதிப் பயணப் பாதுகாப்புப் பற்றிப் பேசப்படும்போது இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1998 ஐர் ஏரி நிகழ்வு

1998 திசம்பரில் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த இருவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரிக் கரைக்கு நாற்சக்கர இயக்க ஊர்தியில் சென்றனர். அங்கு ஊர்தி மணலில் புதைந்தது. அவ்விடத்தில் பயணிகளுக்கான நிழற்குடையும் நீர்த்தொட்டியும் இருந்தன. சில நாட்கள் உதவி வராததால் இருவரும் நீரை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினர். ஒருவர் களைப்பினால் பாதியில் ஊர்திக்குத் திரும்பி உயிர் பிழைத்தார். தொடர்ந்து நடந்தவர் ஏறத்தாழ 30 கிமீ தொலைவில் வெப்பத்தால் இறந்தார். பின்னர் டயர்களின் காற்றைக் குறைத்தபோது அந்த ஊர்தியை மணலிலிருந்து ஓட்டி வெளியே கொண்டுவர முடிந்தது.

பழுதுக்கான காரணங்கள்

உட்பகுதித் தடங்களில் ஏற்படும் பழுதுகள் நகரச் சாலைகளில் ஏற்படுவனவற்றினின்று வேறுபட்டவை. முதன்மைக் காரணங்கள் பின்வருமாறு:

- குறுக்கலைகள்: மண் சாலையில் வண்டிகள் தொடர்ந்து ஓடுவதால் தரை நெளிதகடு போன்று சிற்றலைகளாக உருமாறுகிறது. இவற்றின் மீது மணிக்கணக்கில் ஓடும் வண்டியின் அதிர்வுத்தாங்கிகள் சூடேறிச் செயலிழக்கின்றன. வில்தகடுகள் முறிகின்றன. மின்கலத்தின் தாங்கி, எரிபொருள் தாங்கியின் பிணைப்பு, கூரைமேல் சரக்குச் சட்டம் முதலியன விரிசலடைகின்றன. மரையாணிகள் தாமாகத் தளர்கின்றன.
- கூர்ங்கற்கள்: 'கிப்பர்' எனப்படும் கற்பரப்பு டயர்களைக் கிழிக்கிறது. ஒரே நாளில் இரு டயர்கள் கிழிவது அரிதன்று. ஆகவே இரண்டு மாற்றுச் சக்கரங்களை எடுத்துச்செல்லும் வழக்கம் உள்ளது.
- நுண்தூசி: 'புல்டஸ்ட்' எனப்படும் மாவு போன்ற தூசி ஆழமான குழிகளை மூடி மறைக்கிறது. காற்று வடிகட்டியை அடைத்து இயந்திரத்தின் ஆற்றலைக் குறைக்கிறது.
- ஸ்பினிபெக்ஸ் புல்: இப்புல்லின் விதைகள் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்து இயந்திரத்தை அளவு மீறிச் சூடாக்குகின்றன. காய்ந்த புல் வண்டியின் அடியில் புகைபோக்கிக் குழாயின் மேல் சேர்ந்தால் தீப்பற்றும். பாலையில் கைவிடப்பட்டுக் கிடக்கும் எரிந்த வண்டிகள் பலவற்றுக்கு இதுவே காரணமாகும்.
- விலங்குகள்: கங்காரு, மாடு, ஒட்டகம் முதலியன அந்தி, விடியல், இரவு வேளைகளில் தடத்தைக் கடக்கின்றன. மோதலில் ரேடியேட்டர் உடைவது மிகுதி. இதனால் உள்ளூரார் இருட்டிய பின் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கின்றனர்.
- நீர்: ஆற்றைக் கடக்கும்போது இயந்திரத்தின் காற்றுக்குழாயினுள் நீர் புகுந்தால் இயந்திரம் உள்ளுறுப்புகள் முறிந்து நின்றுவிடும். சிறு மழை பெய்தாலும் களிமண் தடங்கள் பசை போலாகி வண்டிகளைப் பல நாட்கள் சிறைப்படுத்துகின்றன.
- மின்னணுக் கோளாறு: தற்கால வண்டிகளில் ஓர் உணர்கருவி பழுதானாலும் கட்டுப்பாட்டுக் கணினி இயந்திரத்தின் ஆற்றலை மட்டுப்படுத்திவிடுகிறது. முற்காலத்தில் கம்பியும் குறடும் கொண்டு சரிசெய்யப்பட்டவை போன்று இவற்றைச் சரிசெய்ய இயலாது.

மணலில் புதைதலும் டயர் அழுத்தமும்

மணலில் வண்டி புதைவது இயந்திரப் பழுது அன்று எனினும், அதன் விளைவு ஒன்றே. தார்ச் சாலையில் சதுர அங்குலத்திற்கு 35 முதல் 40 பவுண்டு வரை இருக்கும் டயர் அழுத்தம், மணலில் ஏறத்தாழ 18 முதல் 20 பவுண்டு வரை குறைக்கப்படுகிறது. காற்று குறையும்போது டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பகுதி நீள்கிறது. வண்டியின் எடை பெரும் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன் மேல் உருள்கிறது. புதைந்த வண்டியில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவது மேலும் புதைவதற்கே வழிவகுக்கும். காற்றைக் குறைத்து, சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலை அகற்றி, தான் வந்த சுவட்டிலேயே பின்னோக்கி மெதுவாக ஓட்டுவது வழக்கமான முறையாகும். கெட்டியான தரையை அடைந்ததும் மீண்டும் காற்று நிரப்பப்படுதல் வேண்டும். குறைந்த அழுத்தத்தில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆகவே காற்றழுத்தமானியும் சிறு காற்றடிப்பானும் இன்றியமையாத கருவிகளாகும்.

உடலும் நீரும்

வெப்பமான சூழலில் மனித உடல் வியர்வை ஆவியாவதன் மூலமே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கடும் வெயிலில் நடக்கும் ஒருவர் மணிக்கு ஒரு லீட்டருக்கும் மேல் வியர்வையாக இழக்கக்கூடும். ஆகவே ஒருவர் சுமக்கக்கூடிய நீர், அவர் நடக்கும்போது இழக்கும் நீருக்கு ஈடாவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ப் என்னும் உடலியங்கியலாளரும் அவருடைய குழுவினரும் பாலைவனத்தில் படைவீரர்களைக் கொண்டு ஆய்வுகள் நடத்தினர். அவற்றின் முடிவுகள் 1947 இல் நூலாக வெளிவந்தன. அவற்றிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடுகள், நாளின் உச்ச வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை, பின்வருமாறு:

- 49 °செ, நீர் இல்லை, நிழலில் அசையாதிருத்தல்: ஏறத்தாழ 2 நாட்கள்.
- 49 °செ, நீர் இல்லை, இரவில் மட்டும் நடந்து பகலில் ஓய்வெடுத்தல்: ஏறத்தாழ 1 நாள்.
- 38 °செ, நீர் இல்லை, நிழலில் அசையாதிருத்தல்: ஏறத்தாழ 5 நாட்கள்.
- 38 °செ, நீர் இல்லை, இரவில் மட்டும் நடந்து பகலில் ஓய்வெடுத்தல்: ஏறத்தாழ 3 நாட்கள்.

இவ்வாய்வுகள் மற்றொரு பழைய நம்பிக்கையையும் தகர்த்தன. நீரைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக் குடித்தால் நெடுநாள் உயிர்வாழலாம் என முன்னர் கருதப்பட்டது. உண்மையில் உடலில் ஏற்றிய நீரும் குடுவையில் வைத்த நீரும் ஒரே இருப்பே ஆகும். குடிக்காமல் வைத்திருப்பதால் வியர்வை குறைவதில்லை. சிக்கனம் செய்யப்பட வேண்டியது நீரன்று, வியர்வையே. அதாவது நிழலில் இருத்தல், அசைவைக் குறைத்தல், உடலை மூடிய தளர்வான ஆடை அணிதல் ஆகியனவே நாட்களை நீட்டிக்கின்றன. நீரிழப்பு மிகும்போது மனக்குழப்பம் ஏற்படுகிறது. வாகனத்தை விட்டு நடக்கும் முடிவு பெரும்பாலும் இந்நிலையில்தான் எடுக்கப்படுகிறது.

ரேடியேட்டரில் உள்ள குளிர்விப்பு நீர்மத்தில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பதால் அது நஞ்சாகும். அதனைக் குடித்தல் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்து இறப்பை விளைவிக்கும்.

பழுதுக்குப் பின் கடைப்பிடிக்கப்படும் நடைமுறைகள்

ஆஸ்திரேலியக் காவல் துறையினரும் மீட்புக் குழுவினரும் பொதுவாக வழங்கும் அறிவுரைகள் பின்வருமாறு சுருக்கிக் கூறப்படலாம்.

1. வாகனத்தோடு இருத்தல். வானிலிருந்து பார்க்கும்போது ஒரு மனிதனைக் காண்பதை விட ஒரு வண்டியைக் காண்பது பன்மடங்கு எளிது. தேடுவோரும் தடங்களின் வழியாகவே தேடுவர்.
2. நிழல் அமைத்தல். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் வெளியை விட மிகுதியாகச் சூடேறும். எனவே வண்டியினுள் அமராமல், அதன் பக்கவாட்டில் தார்ப்பாயோ போர்வையோ கட்டி அதன் நிழலில் இருத்தல் வேண்டும். மேல்மண்ணை அகற்றினால் கீழ்மண் குளிர்ச்சியாக இருக்கும்.
3. இருப்பைக் கணக்கிடுதல். நீர், உணவு, எரிபொருள், மின்கல ஆற்றல் ஆகியவற்றை முதலிலேயே கணக்கெடுத்தல் பதற்றத்தைக் குறைக்கிறது.
4. அமைதியாகப் பழுதை ஆராய்தல். தளர்ந்த மின்கல இணைப்பு, அறுந்த விசிறிப்பட்டை, எரிந்த மின்னுருகி, கசியும் குழாய் முதலிய எளிய காரணங்கள் வெயில் தாழ்ந்த பின் தேடப்படுகின்றன. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் உள்ள கொதிநீர் பீறிட்டுச் சுடும்.
5. அடையாளம் காட்டுதல். இயந்திர மூடியைத் திறந்து வைத்தல், கண்ணாடியால் ஒளியைத் திருப்புதல், தரையில் பெரிய எழுத்துகளை அமைத்தல், இரவில் தீ மூட்டுதல் ஆகியன பின்பற்றப்படுகின்றன. வண்டியிலிருந்து அகற்றிய டயரை எரித்தால் எழும் கரும்புகை பகலில் நெடுந்தொலைவிலிருந்து தெரியும்.

புறப்படுமுன் பயணவழியையும் திரும்பும் நாளையும் நம்பகமான ஒருவரிடம் தெரிவித்தல் மிக முக்கியமானதாகக் கருதப்படுகிறது. குறித்த நாளில் செய்தி வராவிடில் அவரே காவல் துறைக்கு அறிவிக்கிறார். தேடுதல் தொடங்கும் நேரம் பெரும்பாலும் இதனாலேயே முடிவாகிறது. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 முதல் 10 லீட்டர் என்ற கணக்கில், எதிர்பாராத சில நாட்களுக்கும் சேர்த்து எடுத்துச்செல்லப்படுகிறது. ஒரே தொட்டியில் கசிவு ஏற்பட்டால் முழு நீரும் வீணாகும் என்பதால் பல கலங்களில் பிரித்து வைப்பது வழக்கம்.

உட்பகுதித் தடங்களில் நின்றிருக்கும் வண்டியைக் கண்டால், அவ்வழியே செல்பவர் வேகத்தைக் குறைத்து உதவி வேண்டுமா எனக் கேட்டுச் செல்வது எழுதப்படாத சட்டமாக உள்ளது.

தொலைத்தொடர்பு

1920களின் இறுதி வரை உட்பகுதியில் தனித்து நின்றவர் உதவி கேட்க வழியில்லை. ஜான் பிளின் என்னும் கிறித்தவப் போதகர் தொடங்கிய வான்வழி மருத்துவச் சேவையின் முதல் பறப்பு 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து நிகழ்ந்தது. இதுவே பின்னர் அரச பறக்கும் மருத்துவர் சேவையாக வளர்ந்தது. ஆல்பிரட் டிரேகர் என்னும் பொறியாளர் 1929 அளவில் உருவாக்கிய மிதிவிசை வானொலி, மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளிலிருந்து செய்தி அனுப்ப வழிசெய்தது. மிதிவண்டியின் மிதிகளைப் போன்றவற்றை மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கருவி இது.

தற்காலத்தில் பயன்படும் கருவிகள்:

- மீயுயர் அலைவெண் வானொலி: வண்டிகளில் பொருத்தப்படுவது. சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும். 5, 35 ஆகிய அலைவரிசைகள் அவசரத் தேவைக்கு ஒதுக்கப்பட்டவை. நெடுஞ்சாலைகளில் சுமையுந்து ஓட்டுநர்கள் 40 ஆம் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றனர்.
- உயர் அலைவெண் வானொலி: பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு எட்டுவது. செய்மதிக் கருவிகள் பரவிய பின் இதன் பயன்பாடு குறைந்துள்ளது.
- செய்மதித் தொலைபேசி: கைப்பேசிக் கோபுரங்கள் இல்லாத இடங்களிலும் பேச உதவுவது.
- இடங்காட்டும் அவசர அலைபரப்பி: 406 மெகாஏர்ட்ஸ் அலைவெண்ணில் கோஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டுச் செய்மதி அமைப்புக்குக் குறிகை அனுப்புவது. பழைய 121.5 மெகாஏர்ட்ஸ் கருவிகளின் குறிகைகளைச் செய்மதிகள் ஏற்பது 2009 பெப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டது.
- கைப்பேசி: உட்பகுதியின் பெரும்பகுதியில் கோபுர அலை கிடைப்பதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் ஆஸ்திரேலியாவில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை நிறுத்தப்பட்டதால் பழைய கருவிகள் பயனற்றுப் போயின. மறுபுறம், 2023 முதல் சில கைப்பேசிகள் செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதியை ஆஸ்திரேலியாவிலும் பெற்றன.

இக்கருவிகள் தேடும் காலத்தைக் குறைத்துள்ளன. எனினும் இடம் தெரிந்த பின்னரும் மீட்பு ஊர்தி வந்துசேர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால் நீரும் நிழலும் முன்போலவே இன்றியமையாதவையாக உள்ளன.

வாகனத்தை மீட்டல்

பயணிகள் மீட்கப்பட்ட பின்னும் வண்டி பாலையிலேயே நிற்கக்கூடும். மீட்பு ஊர்தி பல நூறு கிலோமீட்டர் வந்து திரும்ப வேண்டியிருப்பதால் செலவு பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர்கள் ஆகலாம். சில வேளைகளில் அது வண்டியின் விலையையே மிஞ்சுவதால் உரிமையாளர்கள் வண்டியைக் கைவிடுகின்றனர். மாற்று உறுப்புகள் தொலைநகரிலிருந்து வந்துசேரும் வரை சிற்றூர்களில் பல நாட்கள் காத்திருக்க நேர்வதும் உண்டு.

ஆபத்தைக் குறைப்பதற்காக அரசுகள் தடங்களை மூடுவதும் உண்டு. மழைக்குப் பின் மூடப்பட்ட தடத்தில் வண்டி ஓட்டுவோருக்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சிம்ப்சன் பாலைவனத் தடங்கள் கோடைக்காலத்தில், திசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை, பயணிகளுக்கு மூடப்படுகின்றன.

பழங்குடியினரும் புதர்ப் பொறிவினைஞரும்

பாலையில் நீர் கிடைக்கும் இடங்களையும் உண்ணத்தக்க தாவரங்களையும் நன்கறிந்தவர்கள் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஆவர். தானுந்து பரவிய பின், பழுதுபார்ப்புக் கடைகளோ உறுப்புகளோ கிடைக்காத பழங்குடிச் சிற்றூர்களில், கையில் கிடைத்ததைக் கொண்டு வண்டியை ஓடவைக்கும் தனித்த ஒரு திறன் வளர்ந்தது. வடக்கு ஆட்புலத்தின் யூண்டுமு என்னும் ஊரைச் சேர்ந்த வார்ல்பிரி மக்களின் இத்திறனை 'புஷ் மெக்கானிக்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் (2001) நகைச்சுவையோடு காட்டியது. பிரான்சிஸ் ஜுபுருர்லா கெல்லியும் டேவிட் பாட்டியும் இதனை உருவாக்கினர். காற்றுப்போன டயரினுள் ஸ்பினிபெக்ஸ் புல்லைத் திணித்து ஓட்டுவதும், மல்கா என்னும் வேல வகை மரத்தைச் செதுக்கி உடைந்த உறுப்புக்கு மாற்றாக இடுவதும் அத்தொடரில் இடம்பெற்றன.

இத்தொடரில் பயன்பட்ட தானுந்துகளுள் ஒன்றைப் பேர்ட்வுட் தேசிய தானுந்து அருங்காட்சியகம் பெற்றது. 1908 இல் கண்டத்தைக் கடந்த டால்பட் வண்டியும், டாம் குரூஸின் அஞ்சல் சுமையுந்தும் அதே அருங்காட்சியகத்தின் தொகுப்பிலேயே உள்ளன.